ராணி தின்ற பாதி

குழந்தைப் படம் என்று நினைத்துத்தான் கூட்டிக்கொண்டு போனேன். இதை யாரிடம் சொன்னாலும் இன்றைக்கும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வருகிறது. போஸ்டரில் வெள்ளைக் குதிரை, பனி, பூப்போட்ட கவுன் போட்ட ஒரு சின்னப் பெண். அதற்குள்ளே என்ன இருக்கிறது என்று யார் கண்டது? பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துச் சுவரில் அதை ஒட்டிய நாளிலிருந்து எங்கள் வீட்டுப் பெண் பள்ளிக்கூடம் போகும்போதும் வரும்போதும் நின்று நின்று பார்த்தாள். கூட்டிக்கொண்டு போ என்று மட்டும் கேட்கவில்லை. என்னிடம் அவள் எதையுமே கேட்க மாட்டாள். என் கவலையே அதுதான்.

எங்கள் வீட்டுப் பெண் என்கிறேனே தவிர, நான் பெற்றவள் இல்லை. என் வீட்டுக்காரருடைய முதல் மனைவியின் பெண். அந்த அம்மாள் காய்ச்சலில் போய்விட, குழந்தையைத் திருப்புட்குழிக்கு அவளுடைய பெரியம்மாதான் தூக்கிக்கொண்டு போய் வளர்த்தாள். நான் அப்போது ஓரிக்கையில் அண்ணன் வீட்டில் இருந்தேன். பட்டுப் புடவைக்கு முந்தானைக் குஞ்சம் கட்டுவதுதான் அன்றைக்கும் இன்றைக்கும் என் வேலை. வயது முப்பதைத் தாண்டியாகிவிட்டது. வாய் வேறு கொஞ்சம் நீளம். வந்த வரன்களெல்லாம் காப்பி குடித்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தன.

இவர்கள் பெண் பார்க்க வந்த அன்றைக்கு எல்லோரும் கௌரவமாக ஆளுக்கொரு பஜ்ஜி எடுத்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டிருந்தார்கள். இந்தப் பெண் மட்டும் தட்டைக் காலி செய்துவிட்டு, நேராக என்னைப் பார்த்து, "இன்னும் இருக்குதா?" என்று கேட்டது. மாப்பிள்ளையை நான் அப்புறம்தான் சரியாகப் பார்த்தேன். பிடித்தது அவளைத்தான். எனக்கு அந்தப் பெண் வேண்டும் என்று அன்றைக்கே மனது சொல்லிவிட்டது.

பெரியம்மா சும்மா விட்டுக்கொடுக்கவில்லை. அவளுக்குக் குழந்தை கிடையாது. கல்யாணம் முடிந்து குழந்தையின் துணிப்பையை என் கையில் கொடுக்கும்போது, "ஒரு வருசம் பாப்பேன். கொழந்த மொகம் வாடிச்சின்னா வந்து கூட்டிக்கினு பூடுவேன். அப்ப யாரும் வாயத் தொறக்கக் கூடாது" என்றாள். என் வீட்டுக்காரர் தலையாட்டினார். அவர் எதற்கும் தலையாட்டுவார். பட்டு நெய்யத் தறிக் குழியில் காலை விட்டு உட்கார்ந்துவிட்டால் ஊர் எரிந்தாலும் அவருக்குத் தெரியாது. சின்ன காஞ்சிபுரத்துக்கு வந்த அந்தப் பெண், பஜ்ஜி கேட்ட வாயை அன்றோடு மூடிக்கொண்டது. சித்தி என்று கூப்பிடும். போட்டதைத் தின்னும். அவ்வளவுதான்.

அதனால்தான் படத்துக்குப் போகலாம் என்று முடிவு செய்தேன். நானும் அவளும் மட்டும். பாப்கார்ன் வாங்கிக் கொடுத்து, குதிரையைக் காட்டிச் சிரிக்க வைத்து, எப்படியாவது பேச வைத்துவிட வேண்டும் என்று கணக்குப் போட்டேன். தியேட்டரில் டிக்கெட் கிழிக்கிற ஆள், "கொழந்தய இட்டுக்கினு வந்திருக்கியே மா" என்று இழுத்தான். குழந்தைப் படத்துக்குக் குழந்தையைக் கூட்டிவராமல் மாமியாரையா கூட்டிவருவார்கள் என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் அந்த ஆளே சொல்லியிருப்பான்.

கதை எல்லோருக்கும் தெரிந்த கதைதான். ராஜாவுடைய பெண்ணுக்குத் தாய் இல்லை. புதிதாக ஒரு ராணி வருகிறாள். விஷ ஆப்பிள் கொடுக்கிறாள். நான் சின்ன வயதில் பொம்மைப் படமாகப் பார்த்திருக்கிறேன். இதில் பொம்மை கிம்மை எதுவும் கிடையாது. நிஜ மனிதர்கள், நிஜ ரத்தம், விளக்கே இல்லாத அரண்மனை. வெள்ளைக்காரர்கள் வாயசைக்க, தமிழில் குரல் கொடுத்திருந்தார்கள். அந்தச் சின்னப் பெண் ராணியைப் பார்த்து "சித்தி" என்றதும் நான் பக்கத்தில் இருந்தவளை ஓரக்கண்ணால் பார்த்தேன்.

கொம்பும் கோரைப் பல்லும் வைத்த சூனியக்காரியாக இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. இந்த ராணி அதட்டிக்கூடப் பேசவில்லை. அந்தப் பெண்ணை உட்கார வைத்துத் தலை வாரிவிட்டாள். பாலை ஊதி ஊதி ஆற்றிக் கொடுத்தாள். போர்வையை இழுத்து மூடினாள். தினமும் காலையிலிருந்து நான் என்னென்ன செய்கிறேனோ அத்தனையையும் அவள் திரையில் செய்தாள். அந்தப் பாலில்தான் தினம் ஒரு சொட்டு. அந்தப் பெண்ணுக்கு முடி கொட்டியது, ஈறு கறுத்தது. ராஜா எதிரிலேயே உட்கார்ந்துகொண்டு, ஒன்றும் தெரியாமல் தலையாட்டிக்கொண்டிருந்தார். ராணி பளபளவென்று ஒரு அங்கி போட்டிருந்தாள். படம் எடுத்தவர்கள் அதைப் பட்டு என்று நினைத்திருக்கலாம். அது சத்தியமாகப் பட்டில்லை. அந்த வயிற்றெரிச்சலிலும் அது என் கண்ணில் பட்டது.

பாதியில் எழுந்து போய்விடலாம் என்று கையைப் பிடித்து இழுத்தேன். இவள் நாற்காலிக் கையை இறுகப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கவே மாட்டேன் என்றாள். பாப்கார்ன் தொடாமல் அப்படியே இருந்தது. கடைசியாக ஆப்பிள் வந்தது. பெண் சந்தேகப்பட்டு வேண்டாம் என்கிறாள். ராணி கோபித்துக்கொள்ளாமல் கத்தியால் ஆப்பிளை இரண்டாக வகிர்ந்தாள். ஒரு பாதியை அவளே நிதானமாகத் தின்றாள். அதைப் பார்த்து நம்பி, மற்றப் பாதியைப் பெண் வாங்கித் தின்றாள். கத்தியின் ஒரு பக்கத்தில் மட்டும்தான் விஷம் தடவியிருந்தது.

அந்தப் பெண் சாகவில்லை. என்னமோ செய்து பிழைத்து, முடிவில் ராணியைக் கிணற்றில் தள்ளிவிட்டாள். தியேட்டரே கை தட்டியது. எனக்குப் பக்கத்தில் இருந்தவள் தட்டவில்லை. திரும்பி என்னைப் பார்த்தாள். விளக்குப் போடும் வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

வெளியே வந்து ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன். கையில் வாங்கிக்கொண்டாள். அது உருகி முழங்கை வரைக்கும் வழிந்தது, நாக்கில் வைக்கவில்லை. குப்பைத் தொட்டி வந்ததும் போட்டுவிட்டுக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அன்று சாயங்காலம் பசிக்கவில்லை என்றாள். மறுநாள் காலை இட்லியைப் பிட்டுப் பிட்டுத் தட்டிலேயே விட்டுவிட்டாள். பால் வைத்த டம்ளரை வைத்த இடத்திலிருந்து எடுக்கவில்லை. எனக்குப் புரிய இரண்டு மூன்று நாள் ஆயிற்று. வாழைப்பழம் தின்பாள், தானே உரித்து. அவித்த முட்டை தின்பாள், ஓட்டைத் தானே உடைத்து. பிஸ்கெட் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பி ஒட்டு பிரியாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிழிப்பாள். தண்ணீரைத் தானே குழாயில் பிடித்துக் குடிப்பாள். மத்தியானத்துக்குப் பள்ளிக்கூடச் சாப்பாடு. நான் தொட்ட எதுவும் அவள் தொண்டைக்குள் இறங்கவில்லை. தலை வார உட்கார வைத்தால் தோள் இரண்டும் விறைத்துக்கொண்டன.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அவள் மேலா, படம் எடுத்தவர்கள் மேலா, என் மேலா, தெரியவில்லை. வீட்டுக்காரரிடம் சொன்னேன். சின்னப் பிள்ளைதானே, மறந்துடும் என்றார். தறியில் நாடாவை இந்தப் பக்கம் தள்ளி அந்தப் பக்கம் வாங்கினார். அந்தப் படத்து ராஜாவும் இப்படித்தான் உட்கார்ந்திருந்தான் என்று கத்தினேன். அவருக்குப் படமும் தெரியாது, ராஜாவும் தெரியாது. பேந்தப் பேந்த விழித்தார்.

கன்னம் ஒட்ட ஆரம்பித்துவிட்டது. பள்ளிக்கூட நேரத்தைத் தவிர மற்ற நேரமெல்லாம் பிஸ்கெட்டிலேயே ஓட்டினால் வேறென்ன ஆகும்? அந்த வாரம் பெரியம்மா போன் செய்து, சனிக்கிழமை மத்தியானம் வருகிறேன் என்றாள். குழந்தையைக் கனவில் பார்த்தாளாம், இளைத்துப் போயிருந்தாளாம்.  கட்டிக்கொண்டிருந்த குஞ்சத்தில் முடிச்சு மாறிப்போய், அவிழ்த்து மறுபடி கட்டினேன். சனிக்கிழமை வந்து இந்த முகத்தைப் பார்த்தால், பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். யாரும் வாயைத் திறக்கக் கூடாது.

வெள்ளிக்கிழமை, சாதத்தில் நெய் விட்டுப் பிசைந்து எதிரில் உட்கார்ந்தேன். இதோ பார், நானே சாப்பிடுகிறேன் என்று ஒரு கவளத்தை வாயில் போட்டுக்கொண்டு, அடுத்ததை நீட்டினேன். அவள் என் கையைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, சண்டை போடுகிற குரலில்கூட இல்லை, "அந்த ராணியும்தான் சாப்ட்டாங்க" என்றாள்.

 ஊரில் என் வாய்க்குப் பயப்படாதவர்கள் கிடையாது. அன்றைக்கு அந்தக் கவளத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். தின்று காட்டுவதைத் தவிர ஒரு மனுஷி வேறு எப்படித்தான் நிரூபிப்பாள்? அந்த வழியையும் அந்தச் சண்டாளி ஆப்பிளோடு சேர்த்துத் தின்றுவிட்டுப் போய்விட்டாள்.

சனிக்கிழமை காலையில் எனக்கு ஒரு யோசனை வந்தது. அவளையே கூப்பிட்டு, இன்றைக்கு நீதான் ரசம் வைக்கப்போகிறாய் என்றேன். அடுப்பைப் பற்ற வைத்தது மட்டும் நான். மற்றபடி கையைக் கட்டிக்கொண்டு சுவர் ஓரமாக நின்றேன். புளி கரைத்தது அவள். தக்காளி நசுக்கியது அவள். உப்புப் போடும்போது என்னைப் பார்த்தாள், போதும் என்று தலையை மட்டும் அசைத்தேன். மிளகும் சீரகமும் தட்டிப்போட்டாள். நுரை கட்டியதும் இறக்கச் சொன்னேன், துணியால் பிடித்து அவளே இறக்கினாள். மூடு என்று சொல்லத் தோன்றவில்லை. வாசனை நடை வரைக்கும் போயிற்று.

பெரியம்மா வருகிறாளே என்று சாதத்துக்கு அரிசி களைந்துகொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்துக் குழந்தை வந்து டம்ளரை எடுத்தாள். கரண்டியால் மேலாகத் தெளிவை எடுத்து ஊற்றிக் குடித்தாள். இன்னொரு கரண்டி ஊற்றிக்கொண்டாள். நான் திரும்பிப் பார்க்கவே இல்லை. பார்த்தால் நிறுத்திவிடுவாளோ என்று பயம். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. அரிசியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

டம்ளரை வைத்துவிட்டு அவள் கூடத்துக்குப் போனதும், ரசத்தை மூடி வைக்கலாம் என்று தட்டை எடுத்தேன். உப்புப் பார்க்கலாம் என்று கரண்டியை அடிவரைக்கும் விட்டுக் கலக்கினேன். கரண்டியில் பல்லி வந்தது.

என்னால் அதைக் கீழே போடவும் முடியவில்லை, பிடித்துக்கொண்டிருக்கவும் முடியவில்லை. இன்னும் சற்று நேரத்தில் பெரியம்மா வந்துவிடுவாள். குழந்தை இரண்டு கரண்டி குடித்திருக்கிறது. பாத்திரத்தோடு கொண்டுபோய்ச் சாக்கடையில் கொட்டிவிட்டால் ஒருவருக்கும் தெரியாது. தெரியாமலே போகலாம். வாந்தி எடுத்தால்? சித்தி வீட்டில் ரசம் குடித்தாள், சுருண்டு விழுந்தாள் என்பார்கள். சொன்னாலும் போச்சு, சொல்லாவிட்டாலும் போச்சு. அந்த ஒரு நிமிஷத்தில் நான் கொட்டிவிடத்தான் நினைத்தேன். கரண்டியோடு பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு திரும்பினால், அடுக்களை வாசற்படியில் குழந்தை நின்றுகொண்டிருந்தாள்.

அவள் கண் கரண்டியில் இருந்தது. அப்புறம் என் முகத்துக்கு வந்தது. தியேட்டரில் பார்த்தாளே, அதே பார்வை. முகத்தில் ரத்தமே இல்லை.

நான் யோசித்துச் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். பல்லியை எடுத்துத் தரையில் எறிந்தேன். அவள் குடித்த அதே டம்ளரில், அதே ரசத்தை, அவள் பார்க்கப் பார்க்க முழுசாக ஊற்றினேன். ஒரே மூச்சில் குடித்தேன். கசந்ததா, புளித்ததா, ஒன்றும் தெரியவில்லை. டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினேன். "உனுக்கு இன்னா ஆவுதோ, அது எனுக்கும் ஆவட்டும். கெளம்பு, ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்றேன்.

வீட்டுக்காரர் தறியிலிருந்து எழுந்து ஓடிவந்தார். கால் இடறி விழப் பார்த்தார். எதிர்வீட்டு ஆட்டோவில் ஏறினோம். ஆட்டோவில் அவள் எனக்கும் அப்பாவுக்கும் நடுவில் உட்கார்ந்து, என் வயிற்றையே பார்த்துக்கொண்டு வந்தாள். பயத்தில் அவள் போகிற வழியிலேயே வாந்தி எடுத்தாள். எனக்கு ஆஸ்பத்திரி வாசலில் ஆரம்பித்தது.

டியூட்டியில் இருந்தது சின்ன வயது லேடி டாக்டர். குழந்தையைப் பார்த்து, நாடி பிடித்து, கண்ணில் டார்ச் அடித்துவிட்டு என்னிடம் வந்தார். நீங்களும் தெரியாமல் குடித்துவிட்டீர்களா என்று கேட்டார். தெரிந்துதான் குடித்தேன், பல்லியை எடுத்துப் போட்டுவிட்டுக் குடித்தேன் என்றேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். உங்களுக்கெல்லாம் அறிவு எங்கே போகிறது, பல்லி விஷம் என்று பயப்படுவதே தப்பு, அதனுடைய அழுக்குதான் வயிற்றுக்கு ஆகாது, அதைப் போய் யாராவது வேண்டுமென்றே குடிப்பார்களா என்று வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி திட்டினார்.  அவர் சொன்னது சரிதான். சாயங்காலம் வரைக்கும் இரண்டு பேரும் இங்கேயே இருங்கள், பார்க்கலாம் என்றார். பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் படுத்தோம். வாந்தி எனக்குத்தான் அதிகம். ஒவ்வொரு தடவையும் அவள் தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

பெரியம்மா வீட்டுக்கு வந்து பூட்டைப் பார்த்து, தெருவில் விசாரித்திருக்கிறாள். தெரு என்ன சொல்லியிருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. வார்டுக்குள் வரும்போதே அவள் கொண்டை அவிழ்ந்து கிடந்தது. நேராக என் கட்டிலுக்கு வந்து, "இன்னா குடுத்த என் கொழந்தைக்கு?" என்றாள்.

வீட்டுக்காரர் வாயைத் திறந்து திறந்து மூடினார். நான் எழுந்து உட்கார்ந்தேன். நான் என்ன சொன்னாலும் அந்த ராணியும் அதைத்தான் சொல்லியிருப்பாள் என்று தோன்றியது. பக்கத்துக் கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"நான்தான் பெரிம்மா ரசம் வச்சேன். மூடாம வுட்டுட்டேன், பல்லி வுழுந்துடுச்சி."

"இவ எங்க போயிருந்தா?"

"இங்கதான் இருந்தாங்க. சித்தியும் குடிச்சாங்க. நான் குடிச்ச டம்ளர்லயே. பல்லியப் பாத்துட்டுக் குடிச்சாங்க."

"பாத்துட்டா?"

"ம். பாதி இல்ல பெரிம்மா. ஃபுல்லா."

பாதி என்றால் என்ன என்று பெரியம்மாவுக்குத் தெரியாது. அவள் அந்தப் படத்தைப் பார்க்கவில்லை. ஆனால் என் கட்டில் ஓரத்தில் பொத்தென்று உட்கார்ந்தாள்.  "பைத்தியமாடி நீ?" என்றாள். அவள் என்னை டி போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை. நான் ஆமாம் என்றேன். அழுகை வந்துவிட்டது, அடக்கிக்கொள்ளவில்லை.

அதற்காக அவள் மனம் மாறிவிட்டது என்று நான் நம்பவில்லை. குழந்தையின் ஒட்டிப்போன கன்னத்தை அவள் தடவிப் பார்த்ததை நான் பார்த்தேன். சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பினார்கள். கூடத்தில் குழந்தையின் துணிகளை அவள் பையில் மடித்து வைப்பதையும் பார்த்தேன். நாளைக்குக் காலையில் வரதராஜர் கோயிலுக்குப் போய்க் குழந்தை அங்கே கூரையில் இருக்கிற தங்கப் பல்லியைத் தொட வேண்டும், பல்லி விழுந்ததைக் குடித்த தோஷம் போக வேண்டும், அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்றாள். அப்புறம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியாதா? கோயிலிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு எவ்வளவு தூரம்?

விடிந்தால் என் நேரம், நான் கோயிலுக்குள் போகக் கூடாத நாளாகப் போயிற்று. வாசலோடு நின்றுவிட்டேன். பெரியம்மா ஒரு கையில் பையும் ஒரு கையில் குழந்தையுமாக உள்ளே போனாள். வீட்டுக்காரர் பின்னால் போனார். கோபுரத்துக்கு எதிரே பூக்கடைப் பக்கம் நின்றேன். பூக்காரம்மாள் முழம் போடட்டுமா என்று கேட்டுவிட்டு, என் முகத்தைப் பார்த்து அப்புறம் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். பல்லிக்குத் தனி வரிசை, படியேறிக் கையை உயர்த்தித் தொட்டுவிட்டு வர நேரமாகும். எனக்கு அது தெரியும். தெரிந்தும், வேறு பக்கமாகப் போய்விட்டார்களோ, பஸ்ஸே ஏறிவிட்டார்களோ என்று மனது அடித்துக்கொண்டது.

முதலில் குழந்தைதான் வந்தாள். கையிரண்டையும் எதிலும் படாமல் முன்னால் நீட்டிக்கொண்டு, கூட்டத்தில் இடித்துக்கொண்டு வந்தாள். எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. கோயிலுக்குப் போக முடியாதவர்கள், தங்கப் பல்லியைத் தொட்டுவந்தவர்களைத் தொட்டுக்கொண்டால் போதும். அவர்களுடைய தோஷமும் போய்விடும் என்பார்கள். எனக்கு அப்போது அது ஞாபகத்திலேயே இல்லை.

அவள் நேராக என்னிடம் வந்தாள். அந்த இரண்டு கையையும் என் வயிற்றின் மேல் வைத்தாள். அழுத்தி வைத்தாள். தலை வாரும்போது விறைத்துக்கொள்கிற அந்தத் தோள் என் மேல் சாய்ந்துகொண்டது.

"தொட்டுட்டேன். உங்குளுக்கும் போயிடுச்சி" என்றாள்.

பெரியம்மா பின்னால் வந்து நின்றாள். கையில் பை இருந்தது. எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள்.  நான் குழந்தையின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"சித்தி, பசிக்குது" என்றாள் அவள். "வூட்ல இன்னா இருக்குது?"

 பெரியம்மா பையை என் வீட்டுக்காரர் கையில் கொடுத்தாள். அவர் வழக்கம் போலத் தலையாட்டினார். வீட்டில் வாழைக்காய் இருக்கிறது, பஜ்ஜி போடுகிறேன் என்று சொன்னேன்.